கேட்டால் ஒன்றும் குறைந்துவிடாது

(மேற்படிப்புக்காக வெளிநாடு செல்லும் நம் குடியிருப்புப் பிள்ளைகள் ஐந்து பேருக்கு, சங்கத்தின் சார்பில் கம்யூனிட்டி ஹாலில் வழியனுப்பு நிகழ்ச்சி நடந்தது. அதில் ஏ பிளாக் உறுப்பினரும் சங்கத்தின் முன்னாள் செயலாளருமான ஓய்வுபெற்ற நூற்பாலைப் பொறியாளர் பேசியதன் எழுத்து வடிவம் இது. வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இந்தக் காலாண்டு இதழில் வெளியிடுகிறோம்.)



பத்து நிமிஷம் பேசுங்கள் என்று செயலாளர் சொன்னார். ரிட்டயர் ஆனவனிடம் மைக்கைக் கொடுத்துவிட்டுப் பத்து நிமிஷம் என்றால் எப்படி? இருந்தாலும் சுருக்கமாக முடிக்கப் பார்க்கிறேன்.

நம் பிள்ளைகள் ஐந்து பேர் அடுத்த சில வாரங்களில் விமானம் ஏறுகிறார்கள். இரண்டு பேர் ஜெர்மனி, ஒருவர் இங்கிலாந்து, ஒருவர் கனடா, ஒருவர் ஆஸ்திரேலியா. எந்தக் கோர்ஸ், எந்த யுனிவர்சிட்டி என்பதெல்லாம் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. நான் சொல்ல வந்தது, போய் இறங்கும் முதல் சில நாட்களைப் பற்றி.

நம் மொட்டை மாடியில் நின்று பாருங்கள். மேற்கே மலை தெரியும். சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்தே நாம் திசை சொல்லிப் பழகியிருக்கிறோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருப்பவர்களுக்கு ஆண்டாள் கோயிலின் பதினொரு நிலைக் கோபுரம். ஊருக்குள் எந்தச் சந்தில் நுழைந்தாலும், கொஞ்சம் வெளியே வந்து தலையைத் தூக்கினால் போதும். வழி தவறிவிட்டோம் என்ற பயமே நமக்கு வந்ததில்லை. மலையும் கோபுரமும் இல்லாத ஊரில் போய் இறங்கும்போதுதான் அந்தப் பயம் என்னவென்று தெரியும்.

எனக்கு அது 1987 நவம்பரில் தெரிந்தது. அப்போது இங்கே ஒரு நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவில் இருந்தேன். புதிய மெஷின்கள் வந்தன. அதைப் பற்றிக் கற்றுக்கொண்டு வர ஆறு வாரம் சுவிட்சர்லாந்துக்கு அனுப்பினார்கள். ஊர் பெயர் விண்டர்தூர். சூரிச் பக்கத்தில் இருக்கிறது. நூற்பு இயந்திரங்களுக்குப் பேர்போன ஊர். அதுவரை நான் போயிருந்த தூரமான ஊர் கோயம்புத்தூர். மீட்டர் கேஜ் காலம். கொல்லம் மெயிலில் ஏறி மெட்ராஸ், அங்கிருந்து பம்பாய், அங்கிருந்து சூரிச்.

புறப்படும்போது என் வீட்டம்மா ஸ்ரீவில்லிபுத்தூர் போய் இரண்டு கிலோ பால்கோவா வாங்கிவந்து பெட்டியில் வைத்தார். "அங்க சொல்லிக்குடுக்கிறவங்களுக்குக் குடுங்க, நம்ம ஊரு பேரைச் சொல்லுங்க" என்றார். அந்தப் பால்கோவா என்ன ஆனது என்று பிறகு சொல்கிறேன்.

சூரிச் விமான நிலையத்துக்கு அடியிலேயே ரயில் நிலையம். ஏறினால் கால் மணி நேரத்தில் விண்டர்தூர். ஆனால் என் விமானம் தாமதம். அழைத்துப்போக வரவேண்டியவரை ஸ்டேஷனில் காணோம். சனிக்கிழமை சாயங்காலம், ஐந்து மணிக்கெல்லாம் நல்ல இருட்டு. கையில் முகவரி எழுதிய தாள் இருந்தது. யாரிடமாவது நீட்டிக் கேட்டிருந்தால் ஐந்து நிமிஷ வேலை. நான் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை? இன்றைக்கும் யோசித்துப் பார்க்கிறேன். ஜெர்மன் தெரியாது என்பது ஒரு காரணம். பெரிய காரணம் அது இல்லை. நான் பொறியாளர். முப்பது பேருக்கு வேலை சொல்கிறவன். கோட்டு போட்டுக்கொண்டு நிற்கிறேன். ஒரு தெரு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என எப்படிக் கேட்பது? அந்தக் கௌரவத்தைத் தூக்கிக்கொண்டு, கூடவே இருபது கிலோ பெட்டியையும் தூக்கிக்கொண்டு, ஒரு மணி நேரம் சுற்றினேன். ஒரே கடைத்தெருவை மூன்று முறை கடந்தேன். மூன்றாவது முறை, தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு போன ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளை என்னைப் பார்த்து நின்றது. என் கையிலிருந்த தாளைத் தானாக வாங்கிப் படித்தது. முன்னால் நடந்தது. ஸ்டேஷனுக்குப் பின்னால் இரண்டாவது தெருவில்தான் அந்த வீடு.

வீட்டுக்கார அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. மாடியில் அறையைக் காட்டிச் சாவியைக் கொடுத்தார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட ஏதாவது வாங்கலாம் என்று வெளியே வந்தால் ஊரில் ஒரு கடை திறந்திருக்கவில்லை. அங்கே ஞாயிற்றுக்கிழமை கடைகளுக்கு விடுமுறை என்பது யாரும் எனக்குச் சொல்லாத விஷயம். நானும் கேட்காத விஷயம். ஓட்டல் ஒன்று திறந்திருந்தது. உள்ளே போய் மரக்கறிச் சாப்பாடு உண்டா என்று கேட்கக் கூச்சம். திரும்பிவந்துவிட்டேன். ஆக, ஊர் பெயரைச் சொல்லிக் கொடுக்க வேண்டிய பால்கோவாவை இரண்டு நாள் நானே சாப்பிட்டேன்.

குளிர் அதைவிட மோசம். கொண்டுபோன ஸ்வெட்டர் இரண்டையும் போட்டு, அதற்கு மேல் கோட்டையும் போட்டுக்கொண்டு மூன்று ராத்திரி நடுங்கினேன். பணக்கார நாடு, இப்படி ஒரு அறையைக் கொடுத்துவிட்டார்களே என்று மனதுக்குள் திட்டினேன். திங்கள்கிழமை ராத்திரி வீட்டுக்கார அம்மா துண்டு கொடுக்க வந்தவர், என் கோலத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். என் கையைப் பிடித்து ஜன்னலுக்குக் கீழே கூட்டிப்போனார். அங்கே சுவரோரம் வெள்ளை பெயின்ட் அடித்த இரும்புச் சட்டம் ஒன்று இருந்தது. அதன் ஓரத்தில் ஒரு குமிழ். என் கையை அதன் மேல் வைத்துத் திருப்பினார். உள்ளே வெந்நீர் ஓடும் சத்தம் கேட்டது. கால் மணி நேரத்தில் அறை நம் ஊர் மாதிரி ஆகிவிட்டது.

நான் மெஷின் மெக்கானிசம் படித்தவன். வால்வு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். மூன்று நாளாக அந்தக் குமிழைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். ஏதாவது உடைந்துபோனால் என்ன சொல்வது என்று தொடவில்லை. தொடலாமா என்று கேட்கவும் இல்லை.

இதை வெகுநாள் யாரிடமும் சொல்லவில்லை. ஊருக்குக் கடிதம் எழுதியபோதுகூட "இங்கே எல்லா வசதியும் உண்டு, நன்றாக இருக்கிறேன்" என்றுதான் எழுதினேன். பல வருஷம் கழித்துக் கணித மேதை ராமானுஜனைப் பற்றிப் படித்தேன். அப்புறம்தான் வெட்கம் போயிற்று.

ராமானுஜன் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். 1914 மார்ச் 17ல் சென்னையில் 'நெவாசா' என்ற கப்பலில் ஏறினார். ஏப்ரல் 14ல் லண்டன் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 26. அவரைச் சம்மதிக்க வைத்த கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் நெவில் நேரில் வந்து அழைத்துப்போனார். முதல் சில வாரங்கள் நெவில் வீட்டிலேயே தங்கினார். ஒரு குறையும் இல்லை. பிறகு ட்ரினிட்டி கல்லூரியில் தனி அறைக்குப் போனார். தானே சமைத்துச் சாப்பிட்டார்.

குளிர்காலம் வந்தது. அப்போது அங்கே கிங்ஸ் கல்லூரியில் மகாலனோபிஸ் என்ற வங்காள மாணவர் படித்துக்கொண்டிருந்தார். பிற்காலத்தில் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை ஆரம்பித்தவர் அவர்தான். ஒருநாள் ராமானுஜன் அறைக்குப் போனார். ராமானுஜன் கணப்பு நெருப்புக்கு மிக நெருக்கமாக உட்கார்ந்திருந்தார். ராத்திரியில் குளிர் தாங்க முடிகிறதா என்று மகாலனோபிஸ் கேட்டார். ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு சால்வையைச் சுற்றிக்கொண்டு தூங்கினாலும் குளிர்கிறது என்றார் ராமானுஜன். போதுமான போர்வை கொடுக்கவில்லையோ என்று மகாலனோபிஸ் படுக்கை அறைக்குள் போய்ப் பார்த்தார்.

கம்பளிகள் நிறையவே இருந்தன. மெத்தையோடு இறுக்கி ஓரமெல்லாம் செருகி, மேலே ஒரு விரிப்புப் போட்டிருந்தது. அந்தக் கம்பளிகளை விலக்கிவிட்டு அதற்குள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியவில்லை. மேலே இருந்த மெல்லிய விரிப்பை மட்டும் போர்த்திக்கொண்டு தூங்கியிருக்கிறார். எப்படி என்று மகாலனோபிஸ் காட்டிக்கொடுத்தார். ராமானுஜன் மனம் நெகிழ்ந்துபோனார் என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார்.

இதைப் படித்தபோது முதலில் சிரித்தேன். அப்புறம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எப்பேர்ப்பட்ட மூளை! உலகத்தில் அன்று இருந்தவர்களில் ஒரு சிலருக்கு மட்டுமே புரிந்த கணக்கைப் போட்டவர். படுக்கையில் கம்பளி இருப்பது தெரியாமல் குளிரில் கிடந்திருக்கிறார். அது அறிவுக் குறைவு இல்லை. பாயிலும் போர்வையிலும் வளர்ந்தவருக்கு அந்தப் படுக்கையின் கட்டமைப்பு தெரியாது, அவ்வளவுதான். கேட்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவர் கேட்காமலே இன்னொருவர் கேட்டதால் விஷயம் வெளியே வந்தது.

1917ல் ராமானுஜன் நோயில் விழுந்தார். 1919ல் ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26ல் சென்னையில் காலமானார். வயது 32. போர்வைதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அது தப்பு. ஆனால் வெளியூரில் தனியாக இருக்கும் ஒரு பிள்ளை எத்தனை சிரமத்தை வாய் திறந்து சொல்லாமல் விழுங்கும் என்பதற்கு எனக்கு இதைவிட உதாரணம் தெரியாது.

அது அந்தக் காலம், இப்போது கையில் போன் இருக்கிறது, வீடியோ காலில் முகம் பார்க்கிறோம் என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டு வருஷத்துக்கு முன் எனக்குத் தெரிந்த வீட்டுப் பையன் ஒருவன் ஜெர்மனிக்குப் போனான். தினமும் அம்மாவோடு வீடியோ கால். "சாப்பிட்டியாப்பா?" "சாப்பிட்டேன்மா." "ரூம் நல்லா இருக்கா?" "சூப்பரா இருக்கும்மா." ஆன்லைனில் அட்வான்ஸ் கட்டிய அறை அங்கே போய்ப் பார்த்தால் இல்லவே இல்லை. ஏமாற்று வேலை. ஒன்பது நாள் ஒரு ஹாஸ்டலில், ஒரு அறையில் எட்டுப் பேரோடு தங்கியிருக்கிறான். வீட்டுப் பத்திரத்தை வைத்து லோன் எடுத்து அனுப்பிய அப்பாவிடம் பணம் போய்விட்டது என்று எப்படிச் சொல்வது என்று மறைத்துவிட்டான். பிறகு யுனிவர்சிட்டியில் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் போய்ச் சொன்னான். அங்கே இருந்தவர்கள்தான் வேறு இடம் பிடிக்க வழி காட்டினார்கள். முதல் நாளே போயிருந்தால் முதல் நாளே காட்டியிருப்பார்கள்.

ஆகையால், பிள்ளைகளே, சில விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நேரில் பார்க்காமல், அல்லது யுனிவர்சிட்டி மூலமாக உறுதி செய்யாமல் அறைக்குப் பணம் அனுப்பாதீர்கள். ஜெர்மனி போகிறவர்கள், வீட்டுக்குக் குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட தாள் இல்லாமல் அந்தப் பதிவு நடக்காது. சாவி வாங்கும்போதே அந்தத் தாளையும் கேட்டு வாங்குங்கள்.

அவசர எண்ணைப் போகும் முன்பே மனப்பாடம் செய்யுங்கள். ஜெர்மனியில் 112, போலீசுக்கு 110. இங்கிலாந்தில் 999. கனடாவில் 911. ஆஸ்திரேலியாவில் 000. போன் சார்ஜ் இறங்கிப்போகும். அதனால் தங்குமிட முகவரி, வீட்டு நம்பர், அந்த நாட்டில் உள்ள நம் தூதரகத்தின் நம்பர் மூன்றையும் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள்.

பால்கோவா விஷயம். 2019ல் அதற்குப் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது; ஆனால் நீங்கள் எடுத்துப்போக முடியாது. நம் நாட்டிலிருந்து போகும் பயணிகள் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கும் இங்கிலாந்துக்கும் பால் பொருட்கள் கொண்டுபோகத் தடை இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் எந்த உணவுப் பொருளாக இருந்தாலும் இறங்கும்போது படிவத்தில் எழுதிக் காட்ட வேண்டும், மறைத்தால் அபராதம். பாட்டி ஆசையாகக் கட்டிக்கொடுப்பார். இங்கேயே அவர் எதிரில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

போன முதல் நாள், எதுவும் வேண்டாம், ஒரே ஒரு ஆளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டாலும் சரி. முதல் கேள்வி கேட்டுவிட்டால் இரண்டாவது தானாக வரும்.

பெற்றோர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "சாப்பிட்டியா" என்று கேட்டால் "சாப்பிட்டேன்" என்ற பதில்தான் வரும். நம் எல்லாருக்கும் அது தெரியும். அதோடு நிறுத்தாமல், "இன்னைக்குத் தெரியாத விஷயம் எதையாவது யார்கிட்டயாவது கேட்டியா?" என்று கேளுங்கள். லோனைப் பற்றி முதல் மாதம் பேச்சே எடுக்காதீர்கள். ஏமாந்துவிட்டேன் என்று பிள்ளை சொன்னால், முதல் வார்த்தையாக "போனால் போகட்டும், இப்ப எங்க இருக்க?" என்று வரட்டும். திட்டுவதற்கு அப்புறம் எத்தனையோ வருஷம் இருக்கிறது.

இத்தோடு முடித்துக்கொள்ளலாம். ஆனால் இன்னொரு பாதியைச் சொல்லாமல் போனால் நான் யோக்கியன் இல்லை.

விண்டர்தூரில் அந்த வீட்டின் அடித்தளத்தில் துணி துவைக்கும் அறை ஒன்று. எல்லா வீட்டுக்கும் பொது. யாருக்கு எந்தக் கிழமை என்று சுவரில் அட்டவணை. எனக்குப் படிக்கத் தெரியாது. வேறொருவர் கிழமையில் போய்த் துவைத்துவிட்டேன். மாலையில் என் ஈரத்துணி கூடையில் கிடந்தது, மேலே ஒரு சீட்டு. நன்றாகத் திட்டித்தான் எழுதியிருப்பார்கள் என்று நினைத்து மறுநாள் வேலையிடத்தில் ஒருவரிடம் காட்டினேன். அவர் படித்துச் சொன்னார்: 'உங்களுக்கு வியாழக்கிழமை. மெஷின் தெரியாவிட்டால் முதல் மாடிக் கதவைத் தட்டுங்கள்.' போய்த் தட்டினேன். காட்டிக்கொடுத்தார்கள்.

இப்போது நம் இடத்துக்கு வருவோம். போன வருஷம் பி பிளாக்கில் ஒரு இளம் தம்பதி வாடகைக்கு வந்தார்கள். வேலை மாற்றலில் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். கைக்குழந்தை வேறு. நம் குடியிருப்பில் குடிநீர்க் குழாயில் காலை ஆறிலிருந்து ஏழு வரைதான் தண்ணீர் விடுவோம். அறிவிப்புப் பலகையில் தெளிவாக எழுதிப் போட்டிருக்கிறோம், தமிழில். அவர்களுக்கு அது கோலம் மாதிரி இருந்திருக்கும். ஐந்து நாள் கடையில் கேன் வாங்கி, அதிலேயே குழந்தைக்குக் கஞ்சியும் காய்ச்சியிருக்கிறார்கள். ஆறாம் நாள் மதியம் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு மூடாமல் விட்டுவிட்டார்கள். மறுநாள் காலை தண்ணீர் விட்டதும் வீணாக ஓடியது. நம் வாட்ஸ்அப் குரூப்பில் என்னென்ன எழுதினோம் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதுவும் தமிழில்தான். நல்லவேளை, அவர்களுக்குப் படிக்கத் தெரியாது.

அந்த அறிவிப்பில் கையெழுத்துப் போட்ட செயலாளர் நான். குரூப்பில் முதல் மெசேஜ் போட்டதும் நான். சீட்டு எழுதிவைத்த அந்தச் சுவிஸ் குடும்பம், என் கையைப் பிடித்துக் குமிழைத் திருப்பிய அந்த அம்மா, வழி காட்டிய அந்தப் பிள்ளை... இவ்வளவு பேரிடம் வாங்கித் தின்றவன், ஒரு மாடி ஏறிப்போய் "தண்ணி காலையில ஆறு மணிக்கு வரும்மா" என்று சைகையிலாவது சொல்லவில்லை. அந்தப் பெண்ணும் யாரையும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று மற்றவர்களைவிட எனக்கு நன்றாகவே தெரிந்திருக்க வேண்டும். பிறகு நானும் என் வீட்டம்மாவும் போய் மன்னிப்புக் கேட்டோம். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே டீ போட்டுக் கொடுத்தார். அது அவர்கள் பெருந்தன்மை.

நம் பிள்ளைகள் போய் இறங்கும் ஊரில் யாராவது ஒருவர் கதவைத் திறந்து "என்ன வேணும்" என்று கேட்க வேண்டும் என்று நாம் ஆசைப்படுகிறோம். சாமியிடம் வேண்டிக்கொள்கிறோம். நம் ஊரில் மில்களுக்கும் வங்கிகளுக்கும் வேலைக்கு வருகிறவர்களும் எங்கேயோ ஒரு அம்மா வேண்டிக்கொண்டு அனுப்பிய பிள்ளைகள்தான்.

அதனால் சங்கத்துக்கு ஒரு கோரிக்கை வைக்கிறேன். புதிதாகக் குடிவருகிறவர்களுக்குச் சாவியோடு ஒரு தாள் கொடுப்போம். தண்ணீர் நேரம், குப்பை எடுக்கும் நேரம், கேஸ், ராத்திரி ஆஸ்பத்திரிக்குப் போக எந்த ஆட்டோ, பக்கத்து மருந்துக் கடை, இவ்வளவும் தமிழ், இங்கிலீஷ், இந்தி மூன்றிலும் ஒரே பக்கத்தில். கடைசி வரியில் 'தெரியாவிட்டால் இந்தக் கதவைத் தட்டுங்கள்' என்று ஒவ்வொரு பிளாக்கிலும் ஒரு ஃபிளாட் நம்பர். ஏ பிளாக்குக்கு என் வீட்டு நம்பரைப் போட்டுக்கொள்ளுங்கள். தமிழ், இங்கிலீஷ் நான் எழுதித் தருகிறேன். இந்தி தெரிந்தவர்கள் யாராவது கை தூக்குங்கள். அந்த ஒடிசாத் தம்பதி உதவுவதாக ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்கள்.

பிள்ளைகளே, நல்லபடியாகப் போய்ச் சேருங்கள். அறைக்குள் போனதும் முதல் வேலையாகப் படுக்கையில் கம்பளி இருக்கிறதா என்று விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். ஜன்னலுக்குக் கீழே குமிழ் இருக்கிறதா பாருங்கள். தெரியாவிட்டால் பக்கத்து அறைக் கதவைத் தட்டுங்கள். ஒன்றும் குறைந்துவிடாது.

வெளியே மேஜையில் பால்கோவா வைத்திருக்கிறார்கள். கொண்டுபோக முடியாது என்று சொல்லிவிட்டேன், இங்கேயே நன்றாகச் சாப்பிடுங்கள்.